எல்லாம் தெரிஞ்ச பேராண்டிக்கு

உக்காருடா பேராண்டி. பதினாறு முடிஞ்சிருச்சாம், மோட்டார் லைசன்ஸ் எடுக்கப் போறானாம், ‘மாமா, நீங்களாச்சும் அவனுக்கு ரெண்டு வார்த்தை புத்தி சொல்லுங்க’ன்னு உங்கம்மா காலையிலேயே வந்து புலம்பிட்டுப் போனா. எனக்கு ஒரே சிரிப்பு. உனக்கு எதுக்குடா புத்தி? நீதான் பன்னண்டு வயசுலேயே ஓட்டக் கத்துக்கிட்டவனாச்சே! மத்தியானம் நான் சாய்வு நாற்காலியில கண்ணை மூடினதும் ஆணியில தொங்குற சாவி காணாமப் போகும். கொஞ்ச நேரங்கழிச்சு செம்பனைக்குள்ள இருந்து என் ஹோண்டா முதல் கியருலேயே கதறுற சத்தம் கேக்கும். கண்ணை மூடினவன் காதையும் மூடிக்குவான்னு உனக்கு யாரு சொன்னது?

ஆகமொத்தம் நீ தெரிஞ்சவன். எனக்குப் பயமே அதுதான். தெரியாதவன் வந்தா சொல்லிக் குடுத்து அனுப்பிருவேன். தெரிஞ்சவனை என்ன பண்றது?

சரி, என்ன தெரிஞ்சு வச்சிருக்கேன்னு பாப்போம். தோட்டத்து ரோட்டுல உனக்கு எதிர்ல வந்தது யார் யாரு? பக்கத்து லயத்துக் கோழி. உரமூட்டை ஏத்தின டிராக்டர். அது வர்றது அரை மைலுக்கு முன்னாடியே கேக்கும். அப்புறம் பழைய மண்டோர், சைக்கிள்ல. உன் சத்தம் கேட்டதுமே மனுசன் சைக்கிளோட புல்லுல எறங்கி நின்னுக்கிட்டாரு. கோழி விலகுச்சு, டிராக்டர்காரன் விலகினான், மண்டோரும் விலகினாரு. இத்தனை வருசமா நீ கத்துக்கிட்ட பாடம் ஒண்ணே ஒண்ணு: நான் வந்தா ஊரே விலகும். அந்தப் பாடத்தைக் கட்டிக்கிட்டு தோட்டத்து முச்சந்தியில தார் ரோட்டுல ஏறிப் பாரு. அங்க வர்ற கல்லு லோரிக்காரன் உன் பெருமையை எங்கேயும் கேள்விப்பட்டிருக்க மாட்டான்.

பள்ளிக்கூடத்துல நம்ம மலாக்காவைப் பத்தி ஏதாச்சும் சொல்லிக் குடுத்தாங்களா? மலாயாவுல ரப்பரை வியாபாரத்துக்குன்னு முதல்ல நட்டவரு டான் சாய் யான், இந்த ஊர்க்காரரு. 1896-ல புக்கிட் லிந்தாங்குல 40 ஏக்கர்ல போட்டுப் பாத்தாரு. மண்ணு புடிக்குதுன்னு தெரிஞ்ச பிறகுதான் புக்கிட் ஆசாஹான்ல ஆயிரக்கணக்கான ஏக்கர்ல எறங்கினாரு. நம்ம பாட்டன் முப்பாட்டனெல்லாம் கப்பலேறி வந்து இங்க வாளி தூக்கினது அதுக்கப்புறம் நடந்த கதை. காசுக்குக் கொறைச்சலில்லாத தவுக்கே, அவரே 40 ஏக்கர்ல ஒத்திகை பாத்தாரு. நம்ம மகாராசாவுக்கு மட்டும் ஒத்திகை கெடையாது. லைசன்ஸ் அட்டை கைக்கு வந்த அன்னிக்கே அலோர் காஜாவுக்கும் ஜாசினுக்கும் நடுவுல கெடக்குற ஏஎம்ஜே ரோட்டுல எறங்கணும். அதுவும் சாயங்காலம், பேக்டரி விடுற நேரத்துல.

உன் 40 ஏக்கர் எங்க இருக்கு தெரியுமா? காலையில ஆளைக் கூட்டிப் பேரு கூப்பிடற பழைய பெரட்டுக் களம். இப்பத்தான் பெரட்டும் இல்ல, ஆளும் இல்லியே, சும்மாத்தானே கெடக்கு.

மொதல்ல எஞ்சினை எழுப்பாமலே மோட்டாரைத் தள்ளிக்கிட்டு ஒரு சுத்து வா. ஏறக்குறைய நூறு கிலோ. சாய்ஞ்சா எந்தப் பக்கம் இழுக்குதுன்னு கைக்குத் தெரியட்டும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, முதல் கியருல, நடக்குற ஆளோட வேகத்துல ஓட்டு. ஓட்டிக் காட்டு பாப்போம்! அறுபதுல போறவனெல்லாம் ஆறு கிலோமீட்டர்ல போகச் சொன்னா ரெண்டு காலையும் ஊணிக்கிட்டு வாத்து நடை நடப்பான். வேகத்துல மோட்டார் தானா நிமிந்து நிக்கும், அதுல உன் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்ல. வேகம் கொறையுறப்பதான் நீ ஓட்டணும். ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாப் புடிச்சு, அதை விடாம, கால் பிரேக்கை லேசா அழுத்தி அழுத்தி வேகத்தைக் கட்டு. பார்வை தூரத்துல இருக்கட்டும். முன் டயரைப் பாத்தேன்னா டயர் இருக்கற எடத்துலேயே விழுவே. திரும்பணும்னா கண்ணு மொதல்ல திரும்பணும், தலை அடுத்து, மோட்டார் கடைசியாத் திரும்பிக்கும்.

இதைத்தான் லைசன்ஸ் பரீட்சையில ‘தித்தி’ன்னு வச்சிருக்கான். கைப்பிடி இல்லாத ஒல்லிப் பாலம், அது மேல மெதுவாப் போகணும், கால் ஊணினா போச்சு. உன் கூட்டாளிங்க பாதிப் பேரு அதுலதான் கவுந்தானுங்க. தோட்டத்து ரோட்டுல பறந்தவன், பின் சக்கரத்துல நின்னவன், பீனட் பட்டர் டப்பா சைஸுக்குப் புகைக்குழாய் மாத்தினவன் எல்லாரும் அந்தப் பலகையில ஏறி எறங்க முடியாம முழிச்சானுங்க. உங்க பெரியப்பா மக இருக்காளே, அவ கதை தெரியுமா? மோட்டாரைத் தொட்டதே கெடையாது. சைக்கிள்கூட சுமாராத்தான் ஓட்டுவா. வாத்தியாரு ‘பலகையோட கடைசி முனையைப் பாரு, முழங்கால் ரெண்டையும் சீட்டோட ஒட்டி இறுக்கு’ன்னாரு. அவ அதை மட்டும் செஞ்சா. முதல் பரீட்சையிலேயே பாஸ். ‘எப்படிடி?’ன்னு கேட்டேன். ‘எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே தாத்தா, அவரு சொன்னதைச் செஞ்சேன்’னா. உனக்கு அந்தக் கொடுப்பினை இல்ல, என்ன பண்றது.

எழுத்துப் பரீட்சையும் இருக்கு, மறந்துராதே. கம்ப்யூட்டர்ல 50 கேள்வி, 42 சரியா இருந்தாத்தான் பாஸ். தமிழ்லேயும் எழுதலாம். உன் கணக்குப் பாடத்துல அந்த மாதிரி மார்க்கை நாங்க யாரும் பாத்ததில்ல, ஆனாலும் சாமி புண்ணியத்துல கெடைக்கட்டும். ‘தாத்தா, கோப்பி-ஓவுக்குன்னு காசு குடுத்தா உக்காந்த எடத்துல லைசன்ஸ் வந்துருமாம்’னு எவனோ உன் காதுல ஓதியிருக்கான். வரும்டா, ஏன் வராது. கோப்பி-ஓ லைசன்ஸ்ல உன் பேரு, படம், நம்பர் எல்லாம் அச்சு அசலா இருக்கும். பிரேக் புடிக்கற எடத்துல மட்டும் அது வந்து ஒத்தாசை பண்ணாது. காசு இல்லாதவங்களுக்கு பி2 லைசன்ஸ் எடுக்கக் கவர்மெண்டே மைலேசன்னு ஒரு திட்டத்துல செலவை ஏத்துக்கிட்டிருக்கு. கேக்க வேண்டிய எடத்துல கேளு. கூச்சப்படற ஆளா நீ, திருட்டுச்சாவிக்கு வராத கூச்சம் அதுக்கு வந்துருமா?

அப்புறம் அந்த வாத்தியாரு, ஓட்டறதுக்கு முன்னாடி மோட்டாரைச் சுத்திப் பாக்கச் சொல்வாரு. அதுக்கும் மார்க் உண்டு. நீங்கல்லாம் மார்க்குக்காக டயரை ஒரு தட்டு, செயினை ஒரு தட்டு, சாமிக்குச் சூடம் காட்டறாப்புல சுத்திட்டு ஏறிர்றீங்க. சூடத்துக்காவது மரியாதை உண்டு. செயினை நடுவுல விரலால தூக்கிப் பாரு. ஓர் அங்குலம் மேலயும் கீழயும் ஆடணும். தொளதொளன்னு தொங்கினா ஓடுறப்ப கழண்டு பின் சக்கரத்தைச் சுத்திக்கும். டயர் வழுவழுன்னு உன் கன்னம் மாதிரி இருந்தா மாத்து. பிரேக் லைட்டு எரியுதான்னு பாக்க ஆளு தேடாதே, சுவத்துக்கிட்ட பின்பக்கமாக் கொண்டுபோய் நிறுத்தி அழுத்து, சுவத்துல செவப்பு விழும். சைடு ஸ்டாண்டைத் தூக்கிட்டியான்னு காலால தடவிப் பாத்துட்டுக் கெளம்பு. எறக்கி விட்ட ஸ்டாண்டோட இடது பக்கம் சாஞ்சு திரும்பினா அது தரையில குத்தி உன்னைத் தூக்கிப் போட்டுரும்.

இப்ப பிரேக்குக்கு வருவோம். உனக்கு முன் பிரேக்கு ஒண்ணு இருக்கறதே தெரியாதுன்னு எனக்குத் தெரியும். ஏன்னா அந்தக் கம்பியில தூசி படிஞ்சு கெடக்கு. ‘முன் பிரேக்கைத் தொட்டா குப்புறத் தள்ளிரும்’னு தோட்டம் பூரா ஒரு சாஸ்திரம். அந்த சாஸ்திரத்தைச் சொன்னவனெல்லாம் சைக்கிள்ல விழுந்தவன். உண்மை என்னன்னா, நிக்கணும்னு புடிச்சதும் கனமெல்லாம் முன்னாடி சாயுது. முன் டயர் ரோட்டை அழுத்திப் புடிக்குது. பின் டயர் லேசாயிருது. லேசானதை நீ மிதிச்சா அது நின்னுபோய் வழுக்கும், வாலு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும், நீ ‘தாத்தா’ம்பே. மோட்டாரை நிறுத்துறதுல பெரிய பங்கு முன் பிரேக்குக்குத்தான். அதை வெடுக்குன்னு புடுங்காம, எலுமிச்சம்பழம் புழியற மாதிரி மொதல்ல மெதுவா, அப்புறம் இறுக்கிப் புழியணும். கால் பிரேக்கும் கூடவே. ஆக்சிலேட்டரை மூடிரு. மோட்டார் நிமிந்து நேரா இருக்கணும், வளைவுல சாஞ்சுக்கிட்டிருக்கறப்ப இந்த வேலை வேணாம். வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் கொறைச்சுக்கணும். செம்மண்ணு, பொடிக்கல்லு, ஈரப்புல்லுன்னா முன் பிரேக்குல கை ரொம்ப லேசா இருக்கணும். பெரிய மோட்டாருக்கெல்லாம் ஏபிஎஸ்னு ஒரு வசதி வருது, சக்கரம் பூட்டிக்காமப் பாத்துக்கும். நம்ம ஹோண்டா இஎக்ஸ்5 கப்சாய்க்கு அதெல்லாம் கெடையாது. உன் கைதான் ஏபிஎஸ்.

பெரட்டுக் களத்துல ஒரு கோடு போட்டு, இருபதுல வந்து கோட்டுல புடி. எங்க நின்னேன்னு காலடி வச்சு அளந்துக்க. அப்புறம் நாப்பதுல வந்து அதே கோட்டுல புடி. ரெண்டு மடங்கு தூரத்துல நிப்போம்னு நெனப்பே. புடிச்ச எடத்துலேர்ந்து பாத்தா நாலு மடங்கு இழுத்துக்கிட்டுப் போயிருக்கும். வேகம் ரெட்டிச்சா நிக்குற தூரம் நாலாகுது, இதுல தவுக்கே மகன், மண்டோர் மகன்னு வித்தியாசம் கெடையாது. அதுவும் பிரேக்கைப் புடிச்ச பிறகு உள்ள கணக்கு. அறுபதுல போறவன் ‘ஐயோ’ன்னு நெனச்சுக் கையை அழுத்தறதுக்குள்ள ஒரு விநாடி போயிருது, அந்த ஒரு விநாடியில மோட்டார் 16 மீட்டருக்கு மேல ஓடியிருக்கும். லோரி நீளத்தைவிட அதிகம்.

அதனால முன்னாடி போறவனுக்கும் உனக்கும் எடைவெளி விடு. எவ்வளவுன்னு கேக்காதே, மீட்டர் கணக்கு ஓடுற மோட்டார்ல யாருக்கும் வராது. நான் ஒரு கணக்கு வச்சிருக்கேன். மாசி மகத்துக்கு பொய்யாத விநாயகர் கோயில்லேர்ந்து வெள்ளி ரதம் செங்குக்குப் போகுதே, அந்தச் சன்னாசிமலை ஆண்டவரைத்தான் துணைக்குக் கூப்பிட்டுக்குவேன். முன்னாடி காடி ஒரு கம்பத்தைத் தாண்டினதும் ‘சன்னாசிமலை ஆண்டவனே காப்பாத்து’ன்னு நிதானமாச் சொல்லு. சொல்லி முடிக்கறதுக்குள்ள அந்தக் கம்பம் உனக்கு வந்துருச்சுன்னா நீ ரொம்ப ஒட்டிப் போறே. மழையில ரெண்டு தரம் சொல்லணும். பக்தியும் ஆச்சு, எடைவெளியும் ஆச்சு. சாமியும் சும்மா கூப்பிடறவனைவிடக் கொஞ்சம் தள்ளிப்போய்க் கூப்பிடறவனைத்தான் காப்பாத்தறாரு, நான் பாத்திருக்கேன்.

முச்சந்திதான்டா விசயமே. நம்ம நாட்டு ரோட்டுல சாகறவங்கள்ல பத்துக்கு ஆறு பேருக்கும் மேல மோட்டார்காரங்க. பேப்பர்ல பாக்கறியா, அதுல எத்தனை பேரு உன் வயசுன்னு? நீங்கல்லாம் ஏதோ மலைப்பாதையில, கொண்டை ஊசி வளைவுல சாகசம் பண்ணித்தான் போவீங்கன்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்க. தெனமும் தேத்தண்ணி வாங்கப் போற சிம்பாங்கு முச்சந்தியில அடிபட்டவன் நெறையப் பேரு.

தோட்டத்துலேர்ந்து வெளிய வர்றே. உன் டயருல அரை இஞ்சுக்குச் செம்மண்ணு. அது தார் ரோட்டுல ஏறின உடனே வழுக்கும். மழை பேஞ்சிருந்தா கேக்கவே வேணாம், டிராக்டர் இழுத்துட்டு வந்த சேறு அங்கேயே அப்பிக்கெடக்கும். கூடவே லோரியிலேர்ந்து உதிர்ந்த செம்பனைப் பழம், அது மேல ஏறினா எண்ணெய். அந்த எடத்துல நீ என்ன பண்றே? ‘ஒண்ணும் வரல’ன்னு ஓரக்கண்ணால பாத்துட்டு, நிக்காமலே வளைச்சுக்கிட்டுப் போறே. நில்லுடா. முழுசா நில்லு. இடது காலைத் தரையில ஊணு. வலது பக்கம் பாரு, இடது பக்கம் பாரு, மறுபடியும் வலது பக்கம் பாரு. நாம இடது பக்கமா ஓட்டற ஊருக்காரங்க, மொதல்ல வந்து மோதறவன் வலது பக்கத்துலேர்ந்துதான் வருவான். கெளம்பறதுக்கு முன்னாடி கழுத்தைத் திருப்பித் தோளுக்குப் பின்னால ஒரு பார்வை. கண்ணாடி இருக்குன்னு சொல்வே. உன் கண்ணாடியில உன் மீசை முளைச்சிருச்சான்னு மட்டுந்தான் தெரியுது, அப்படித் திருப்பி வச்சிருக்கே.

இப்ப நீ பெரிய ரோட்டுல போறே, வேற ஒருத்தன் சிம்பாங்குலேர்ந்து வெளிய வர்றான்னு வச்சுக்க. அவன் மூஞ்சி உன் பக்கந்தான் இருக்கு. கண்ணும் உன்னைப் பாக்குது. ‘பாத்துட்டான்’னு நீ நிம்மதியாப் போறே. அவன் காடியையும் லோரியையும் தேடறான்டா, உன்னைத் தேடல. மோட்டார் சிறுசா இருக்கறதால ரொம்ப தூரத்துல வர்றதாத் தோணும். போயிரலாம்னு வந்துருவான். அதனால அவன் கண்ணை நம்பாதே. அவன் முன் சக்கரத்தைப் பாரு, சக்கரம் உருள ஆரம்பிச்சா உடனே தெரியும். பாத்துக்கிட்டே வேகத்தைக் கொஞ்சம் கொறை, விரலைப் பிரேக்கு மேல போட்டுக்க. பகல்லேயும் முன் லைட்டு எரியணும்னு 1992-லேயே சட்டம் போட்டாங்களே, அது இந்தச் சங்கடத்துக்காகத்தான். அந்த லைட்டுக்கு நீ நீலக் கண்ணாடி ஒட்டி அழகு பண்ணியிருக்கே. ரொம்ப அழகா இருக்கு, போலீஸ் மாத்தாங்களுக்கு மட்டும் அது நல்லாத் தெரியுது.

இன்னொருத்தன் இருக்கான், பேக்டரி பஸ்காரன். பத்து பாரெண்டாமுக்கும் ஆயர் குரோவுக்கும் ஆளு ஏத்திக்கிட்டு, நேரத்துக்குப் போகலேன்னா திட்டு வாங்கறவன். உன்னைத் தாண்டிப் போவான், தாண்டின கையோட இடது பக்கம் திரும்பிருவான். நீ அவனுக்கும் ஓரத்துக்கும் நடுவுல, இடியாப்பம். சிம்பாங்கு கிட்ட எந்தப் பெரிய வண்டிக்கும் இடது பக்கமா நுழையாதே. லோரிக்குப் பக்கத்துல நின்னேன்னா அவன் கண்ணாடியில அவன் முகம் உனக்குத் தெரியுதான்னு பாரு. தெரியலேன்னா உன்னையும் அவனுக்குத் தெரியல. அந்த எடத்துல நின்னு செல்போன் பாக்கறது இன்னும் விசேசம்.

அப்புறம் சிக்னல். நம்ம ஹோண்டாவுல போட்ட சிக்னல் தானா அணையாது. நீ மெர்லிமாவுல போட்ட சிக்னலோட ஜாசின் வரைக்கும் போவே, ‘இவன் எங்கதான் திரும்பப் போறான்’னு பின்னாடி வர்றவன் ஜோசியம் பாத்துக்கிட்டே வருவான்.

ஹெல்மட்டைப் பத்திப் பேசவே எனக்கு வெக்கமா இருக்கு. 1973-லேர்ந்து சட்டம். அப்பவே நாங்க ‘தலை வேக்குது’ன்னு மொனகினோம். மொனகினாலும் போட்டோம். உனக்கு மட்டும் மூளை முழங்கையில இருக்கறதால அங்க மாட்டிக்கிட்டுப் போறே. மாத்தா ரோட்டை மறிச்சு நின்னா மட்டும் தலைக்கு ஏறும், அதுவும் வாரைக் கட்டாம. வாரு கட்டாத ஹெல்மட் உனக்கு முன்னாடியே பறந்துபோய்ப் பத்திரமா விழுந்துரும். நீதான் அப்புறம் வருவே. சிரிம் ஒட்டி இருக்கான்னு பாத்து வாங்கு. பசார் மாலாம்ல சல்லிசாக் கெடைக்குதுன்னு வாங்காதே. மண்டைக்கு அதுதான் மதிப்புன்னு நீயே முடிவு பண்ணிட்டா நான் என்ன சொல்றது. ஒரு தடவை நல்லா அடிபட்ட ஹெல்மட்டைத் திரும்பப் போடாதே, வெளிய நல்லாத் தெரிஞ்சாலும் உள்ள நொறுங்கியிருக்கும்.

ஜாக்கெட்டை முன்பக்கம் பின்பக்கமாத் திருப்பிப் போட்டுக்கிட்டுப் போறதுல தப்பில்ல, அது நம்ம நாட்டு வழக்கம், காத்தும் வெயிலும் நெஞ்சுல அடிக்காது. வெளியூர்க்காரன் பாத்தா கழுத்து திரும்பிப்போச்சோன்னு பயந்துக்குவான், அவ்வளவுதான். ஆனா தொங்கற நாடா சக்கரத்துல மாட்டாமப் பாத்துக்க. காலுக்கு ஜப்பான் சிலிப்பர் வேணாம். கியரை மிதிக்கறப்ப வழுக்கி, சிலிப்பர் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்.

நாலு மணிக்கு மேல மழை வரும், அதுக்கு ஜாதகம் பாக்க வேணாம். பேய ஆரம்பிச்ச மொதல் கொஞ்ச நேரந்தான் மோசம். ரோட்டுல படிஞ்ச எண்ணெயும் தூசியும் மிதக்கும். வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, தண்டவாளம் எல்லாம் அப்ப வாழைப்பழத் தோல்தான். எல்லாரும் பாலத்துக்கு அடியில ஒதுங்கறாங்கன்னு நீயும் போய் ரோட்டை அடைச்சுக்கிட்டு நிக்காதே, பின்னால வர்றவனுக்கு மழையில ஒண்ணும் தெரியாது. தள்ளி, ரோட்டை விட்டு எறங்கி நில்லு. இல்ல, மழைக்கோட்டு வாங்கிக் கையோட வச்சுக்க.

ராத்திரியில நம்ம மாடுங்க. ஆசாஹான் பக்கம் போறப்ப பாத்திருப்பே, செம்பனைக்குள்ள இருந்து எறங்கி வந்து தார் சூட்டுக்கு ரோட்டு நடுவுல படுத்துக்கும். கருப்பு மாடு, கருப்பு ரோடு. அதுக்கு ஹெட்லைட்டும் கெடையாது, லைசன்ஸும் கெடையாது. உன் லைட்டு வெளிச்சம் எவ்வளவு தூரம் விழுதோ அதுக்குள்ள நிக்கற வேகத்துல போனாத்தான் நீயும் பிழைப்பே, மாடும் பிழைக்கும். மாட்டுக்காரன் கேஸு போட்டான்னா எனக்குத்தான் மரியாதைக் கொறைச்சல். பாதி மாடு நம்மளுது.

மோட்டாருக்குப் பூசை போடணும்னு உங்கப்பாயி எலுமிச்சம்பழம் வாங்கி வச்சிருக்கா. போடு, நல்லா போடு. விபூதி பூசு, மாலை போடு, சக்கரத்துக்கு அடியில பழத்தை வச்சு நசுக்கிட்டுக் கெளம்பு. நசுங்கினதும் அந்தச் சாறு டயருல இருக்கும், அதைத் தொடைச்சுட்டுக் கெளம்பு. சாமி குத்தம் ஆகாது, நான் பூசாரிகிட்டக் கேட்டுட்டேன்.

‘எல்’ அட்டை முன்னாடியும் பின்னாடியும் ஒட்டியிருக்கணும். அது மாட்டியிருக்கற வரைக்கும் பின்னால யாரையும் ஏத்தக் கூடாது. இதுதான் உனக்கு ரொம்பக் கஷ்டமான சட்டம்னு எனக்குத் தெரியும், துரியான் துங்கால் பக்கம் யாரோ பஸ்ஸுக்கு நிக்கறதாக் கேள்வி. நிக்கட்டும், பஸ்ஸு வரும். அப்புறம் ரெண்டு வருசம் ‘பி’. லைசன்ஸ் இல்லாம மோதினா இன்சூரன்ஸ்காரன் கைகழுவிருவான். அப்ப வீட்டை வித்தாலும் பத்தாது, நம்ம லயத்து வீடு நம்ம பேர்லேயே இல்ல. குடிச்சுட்டு ஏறினவனைப் புடிக்கறதுக்கும் 2020-லேர்ந்து அளவைக் கொறைச்சுட்டாங்க, முன்ன நூறு மில்லி ரத்தத்துல 80 மில்லிகிராம்னு இருந்தது இப்ப 50. நீ சம்சு குடிக்கற ஆளில்லேன்னு தெரியும். உன்னை ஏத்திக்கிட்டுப் போறேன்னு வர்றவன் மூச்சை மோந்து பாத்துட்டு ஏறு.

ரோட்டுல ரேஸ் விடற ரெம்பித் பசங்களோட சேராதேன்னு சொன்னா கேக்க மாட்டே. போறதுன்னா போ, ஆனா அவனுங்ககிட்ட ஒரு வேலை குடு. மோட்டார் மேல சூப்பர்மேன் மாதிரிப் படுத்துக்கிட்டுப் பறக்கறானே, அவனைப் பலகைமேல மெதுவா ஓட்டிக் காட்டச் சொல்லு. வேடிக்கையா இருக்கும், எனக்கும் சொல்லி அனுப்பு, நாற்காலியோட வர்றேன்.

ஹோண்டாவைப் பினாங்கு லோ பூன் சியூ 1958-ல இந்த நாட்டுக்குக் கொண்டாந்தாரு. ஒண்ணுமில்லாம சீனாவுலேர்ந்து வந்து, பஸ்ஸு கழுவிப் பொழைச்ச மனுசன். அதுக்கப்புறந்தான் பால்வாளி தூக்கினவன் வீட்டுலேயும் மோட்டார் வந்துச்சு. மாப்பிள்ளைக்கு மோட்டார் இருக்கான்னு கேட்டுட்டுப் பொண்ணு குடுத்த காலம் ஒண்ணு இருந்துச்சு. உங்கப்பாயி என்னைக் கட்டினதே அந்த ஹோண்டாவுக்காகத்தான்னு இன்னமும் சொல்வா. அதனால அந்த மோட்டார்மேல எனக்கு ஒரு பிரியம் உண்டு. உன் மேல எவ்வளவு பிரியம்னு யோசிச்சுச் சொல்றேன்.

சரி, சாவிக்குக் கையை நீட்டாதே. அது இப்ப என்கிட்ட இல்ல. உங்க பெரியப்பா மககிட்டக் குடுத்துட்டேன், அவளுக்கு நைட் ஷிப்ட்டு, காலையில ஏழு மணிக்கு வருவா. வந்து, தூங்கி எழுந்து, மனசிருந்தா சாயங்காலம் பெரட்டுக் களத்துல உனக்குச் சொல்லிக் குடுப்பா. ஒண்ணும் தெரியாத ஆளாப் போய் நில்லு. அவ சிரிச்சா கண்டுக்காதே. இப்ப எனக்கு ரெண்டு ரொட்டி சானாய் தாப்பாவ் பண்ணிட்டு வா. பருப்புக் குழம்பு தனியா. நடந்தே போ.